படிக்க முடியாத எழுத்து

சென்னைக்குச் சென்றிருந்தோம்; நாமும் கூடலூர்த் தோழர் ஒருவரும். போடியிலிருந்து நேர் இரயில் 2023இல் ஓடத் தொடங்கியபின், கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்குத் தலைநகர் ஓர் இரவுத் தொலைவுதான். காலையில் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டோம். நால்வர் கூடிப் பாறையைப் பெயர்க்கின்றனர். முதுகு முறுகுகிறது, நரம்பு புடைக்கிறது. பக்கத்தில் நின்று பொருள் சொல்ல ஒரு பண்டிதன் வேண்டியதில்லை. "இதுவன்றோ கலை!" என்றார் தோழர். நாமும் தலையசைத்தோம்.

நண்பகலில் ஈஞ்சம்பாக்கம் சென்று, சோழமண்டல ஓவியர் கிராமத்து அருங்காட்சியகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்கள் முன் நின்றோம். நின்றோம் என்பதைவிடத் திகைத்தோம் என்பதே பொருந்தும். 'சொற்களும் குறியீடுகளும்' என்பது 1963 முதல் அவர் தீட்டிய வரிசைக்குப் பெயர். முகமில்லை, மரமில்லை, மலையில்லை. நாட்பட்ட ஓலையை நினைவூட்டும் பரப்பு, அதன்மேல் கட்டங்கள், கட்டங்களில் எண்கள், கணக்குக் குறிகள், இடையே ஒரு பறவை, ஒரு மீன், வரிவரியாக எழுத்து. மலையாளமோ என்று உற்றுப் பார்த்தால் மலையாளமும் அன்று! எந்த மொழிக்காரரும் படிக்கவியலாத எழுத்து!

தோழரின் முகம் சிவந்தது. "சாதகம்! ஊரில் கிழித்தெறியச் சொல்லி மேடைதோறும் முழங்குகிறோம். இங்கே சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே!" என்றார். விடுவிடென்று வெளியே நடந்தார்.

அந்தச் சீற்றத்தின் வேர் நமக்குத் தெரியும். அவருடைய அக்கைக்குத் திருமணம் பேசி, நாள் குறித்து, துணியும் எடுத்தாகிவிட்டது. எவரோ சாதகத்தைப் புரட்டினார். ஏழாம் கட்டத்தில் செவ்வாய் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. வானத்திலே தன் வழியே சுற்றும் ஒரு கோளுக்கு, கூடலூரில் ஒரு பெண் இருப்பதே தெரியாது. அதற்கடுத்த மாப்பிள்ளையும் வரவில்லை. அக்கை சத்துணவு மையத்தில் அமைப்பாளராகச் சேர்ந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறிட்டார். அவருடைய கட்டத்தை மட்டும் எவரும் அழிக்கவில்லை. அந்தத் தம்பி கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது?

ஆயினும் நாம் உடனே வெளியேறவில்லை. பணிக்கர் பழமைக்குப் பல்லக்குத் தூக்கியவர் அல்லர். 1911இல் கோவையில் பிறந்தவர். காலையில் நாம் வியந்த சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்றவர். 1957இல் அந்த ஆசிரியருக்குப்பின் சென்னைக் கலைப்பள்ளிக்கே தலைவரானவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டவர். நாம் நின்ற அந்தக் கிராமமும், 1966இல் அவரும் மாணவர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் எழுப்பியது. புரவலன் வாசலில் காத்துக் கிடந்து பெற்றதன்று. கலைஞர் கூடி உழைத்து வாங்கிய மண்.

மீண்டும் அந்த எழுத்தைப் பார்த்தோம். படிக்க முயன்றோம்; தோற்றோம். தோற்ற அந்த நொடியில் அம்மா நினைவுக்கு வந்தார்.

அம்மா எழுத்தறியாதவர். நெல் நாற்று நட்ட கை. கடன் வாங்கும் நாளில் புரோநோட்டில் மை தடவிய விரலை ஊன்றிய கை. அந்தத் தாளை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! வரிகள் தெரியும், சுழிகள் தெரியும், எண்களும் தெரியும். பொருள் மட்டும் கடன் கொடுத்தவரின் நாவில் இருந்தது. நாம் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், அடுப்படியில் அமர்ந்து அதன் படியை எழுத்துக் கூட்டி வாசித்தோம். வாங்கியது வேறு, எழுதியது வேறு. அம்மா அழவில்லை. "இன்னொரு தடவை வாசி" என்றார். அவ்வளவுதான்.

படித்தவன் என்ற செருக்கோடு நுழைந்த நம்மை, அம்மா நின்ற இடத்தில் நிறுத்திவிட்டார் ஓவியர். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு எழுத்து எப்படி இருக்கும் என்று ஆயிரம் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். கண்ணால் கண்டது அன்றுதான். பணிக்கர் இதைக் கருதித்தான் தீட்டினார் என்று நாம் சொல்லவில்லை. அவரைக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆசையும் நமக்கில்லை.

படிக்க முடியாத எழுத்தெல்லாம் ஒன்றன்று என்பதையும் எண்ணினோம். நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடுகற்களைக் கண்டெடுத்தனர்; கிறித்துவுக்கு முற்பட்ட தமிழி எழுத்துடையவை. ஊராருக்கு அவை வெறுங்கல். படிக்கத் தெரிந்தவர் வந்து படித்ததும், கூடல் என்ற ஊரின் ஆநிரைப் போரில் மாண்ட ஒருவன் பெயரோடு எழுந்து நின்றான். சாதகத்தையும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படித்துத்தான் பார்க்கிறார்கள். அதிலிருந்து எழுந்து நின்றவர் யார்? விழுந்தவர்களைத்தான் நாம் அறிவோம்.

இரயிலில் இதையெல்லாம் தோழரிடம் சொன்னோம். பாதி கேட்டார், பாதி உறங்கினார். "எல்லாம் சரி. அக்கை பார்த்தால் என்ன சொல்வார்?" என்று மட்டும் திண்டுக்கல் தாண்டியதும் கேட்டார்.

பள்ளி விடுமுறையில் அதற்கும் வழி பிறந்தது. பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1979இல் திறந்த கூடம் இருக்கிறது. நமக்கோ மலை ஏறி இறங்கினால் கேரளம். மூவருமாகப் புறப்பட்டோம். லோயர் கேம்ப்பில் மலைச்சரிவின் பெரிய நீர்க்குழாய்களைக் காட்டி, முல்லைப் பெரியாற்று நீர் அவற்றில் இறங்கித்தான் மின்சாரம் ஆகிறது என்று அக்கை நமக்கே பாடம் சொன்னார். குமுளியில் பேருந்து மாறினோம்.

கூடத்தில் அவர் விரைவாக நடக்கவில்லை. தொடக்ககால ஓவியங்களில் இருந்த மனிதர்களை நின்று பார்த்தார். பிறகு கட்டங்கள் வந்தன. தோழர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். பள்ளிக் கூடத்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பவர் போலிருந்தது. கடைசிக் கட்டம் வந்ததும் திரும்பினார்.

"இதில் செவ்வாய் எங்கேயடா தம்பி?" என்றார்.

தோழர் விழித்தார். அக்கை சிரித்தார். கூடத்தில் இருந்த காவலர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.