நான் நின்ற இடம்

தன் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதச் சொன்னால், எங்கள் மாணவர்கள் முதலில் செய்வது தாளின் தலையில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடிடுவதுதான். பிறகு பொருளுரை, கடைசியில் முடிவுரை. பள்ளித் தேர்வுகளுக்காகவே பழகிய கை வேறெப்படி எழுதும்? சோமனூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், வீட்டைப் பற்றி எழுதச் சொன்னபோது, நெசவு நம் நாட்டின் தொன்மையான தொழில் என்று தொடங்கி இரண்டு பக்கங்களை நிரப்பியிருந்தார். அதில் அவருடைய வீடு இல்லை, அவரும் இல்லை. பேச்சுக் கொடுத்தபோது, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "தறி ஓடுனா நல்லாத் தூங்கிருவனுங்க ஐயா. கரண்டு போச்சுன்னாத்தான் முழிப்பு வந்துரும்."

கட்டுரை அங்கேதான் இருக்கிறது. விசைத்தறியின் இரைச்சலைப் பற்றி எவரும் எழுதலாம். அது நின்றதும் விழித்துக்கொள்ளும் காது, தறி ஓடும் வீட்டில் பிறந்தவருக்கே உரியது.

அனுபவக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று கேட்கும் நண்பர்களுக்கு இலக்கணம் சொல்வதைவிட ஒரு நூலைக் காட்டுவது எனக்கு எளிது. பெருமாள்முருகன் தொகுத்து, 2013இல் காலச்சுவடு வெளியிட்ட 'சாதியும் நானும்'. நாமக்கல்லில் அவர் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது அவரிடம் பயின்றவர்களும், அவர் நடத்திய 'கூடு' சந்திப்புக்கு வந்துபோனவர்களும் எழுதிய 32 கட்டுரைகள். பலரும் எழுத்தாளர் என்று பெயர் வாங்கியவர்கள் அல்லர். பின்னர் அம்பை அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

தலைப்பில் உள்ள உம்மையைக் கவனியுங்கள். தமிழ் வாத்தியாரின் பழக்கதோஷம் என்று நினைத்தாலும் சரி. 'சாதி' என்று மட்டும் தலைப்புக் கொடுத்திருந்தால் 32 பொருளுரைகள் வந்து சேர்ந்திருக்கும். 'நான்' என்று மட்டும் கொடுத்திருந்தால் 32 சுயபுராணங்கள். எண்ணும்மை இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. வாழ்க்கை முழுவதையும் சொல்ல முனைபவருக்கு ஆண்டு வரிசை துணைவரும். நான்கு பக்கக் கட்டுரைக்கு அந்தத் துணை கிடையாது. எழுதுபவர் எங்கே நின்று பார்த்தார் என்பது ஒன்றே அதற்குப் பிடிமானம்.

அம்பையின் மொழிபெயர்ப்புக்கு வைத்த தலைப்பு, கொட்டாங்குச்சியில் ஊற்றிய கடுங்காப்பியைச் சொல்கிறது. எங்கள் அப்பாரு வீட்டுத் தொண்டுப்பட்டிச் சுவரிலும் ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். பண்ணையத்துக்கு வருபவர் அதைத் தாமே எடுத்துக் கழுவி ஏந்துவார். ஆத்தா கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். காப்பி நூல் போல இறங்கும். ஒரு சொட்டும் சிந்தாது. ஆத்தாவின் அந்தக் கைப்பதம் பற்றி வீட்டில் பெருமைகூட உண்டு. ஏழெட்டு வயதில் இதையெல்லாம் நான் ஆத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஏந்தியவரின் முகம் நினைவில் இல்லை. அவருடைய பேரன் எழுதினால் அதில் ஆத்தாவின் முகம் இருக்கும், விரல் சுட்டது இருக்கும், கைப்பதம் இருக்காது. பாமாவின் 'கருக்கு' (1992), கே.ஏ.குணசேகரனின் 'வடு' (2005) ஆகியவை அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. இந்தப் பக்கம் நின்றவர்களோ 'அக்காலத்தில் தீண்டாமை நிலவியது' என்று எழுதி நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். நிலவுவதற்கு அதென்ன மூடுபனியா? ஊற்றியது யார்?

யார் என்று எழுதப்போனால் பெயர் குறுக்கே வந்து நிற்கும். அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆனால் நிலமும் பொழுதும் அங்கே முதற்பொருள். கட்டுரை எழுதுபவருக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். ஆளின் பெயரை விட்டுவிடலாம். வாசலை, சுவரை, அது எந்த வேளை என்பதை விடமுடியாது. ஊர்ப்பெயர் என்ன பாடுபடுத்தும் என்பதைப் பெருமாள்முருகனே பட்டறிந்தவர். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எதிர்ப்பு மூண்டபோது, எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவர் வாசகர்முன் திரும்பினார். அது நாவல். கட்டுரைக்குப் புனைவு என்ற கூரைகூடக் கிடையாது.

கொட்டாங்குச்சியை எழுதப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "ஏஞ்சாமி, போய்ச் சேர்ந்தவங்கள இப்ப எதுக்குச் சந்திக்கு இழுக்கற?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பெயரை எழுதவில்லை; ஊரையும் எழுதவில்லை. 'ஆத்தா' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு 'ஒரு மூதாட்டி' என்று போட்டுப் பார்த்தேன். வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருந்தது. நான் மட்டும் அந்த வாசலில் இல்லை. மறுபடி 'ஆத்தா' என்றே எழுதியிருக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.