நீங்களும் பேசலாம்

தரவுத்தளம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கொட்டாவி வரும். ஆனால், நூலகத்தில் நூலை இரவல் பெறும்போதும் இணையத்தில் பயணச்சீட்டு வாங்கும்போதும் நம் விவரங்களைக் காத்துத் தருவது அதுதான். அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து அது வளர்ந்தது. 1996இல் இன்றைய பெயரைப் பெற்றது. யானைதான் அதன் சின்னம். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம்; திருத்தலாம்; இலவசமாகப் பயன்படுத்தலாம். எந்தவொரு நிறுவனத்துக்கும் அது சொந்தமன்று.

அப்படியானால், அதன் குறைநிறைகள் எப்படித் தெரியவரும்? பயன்படுத்துவோர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். அதற்காகவே உலகின் பல நகரங்களில் மாநாடுகள் நடைபெறுகின்றன. சில மாதங்களுக்கு முன்பே ஏற்பாட்டாளர்கள் அழைப்பு விடுப்பார்கள். பேச விரும்புவோர் தலைப்பையும் உரையின் சுருக்கத்தையும் அனுப்ப வேண்டும். ஒரு குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும்.

இத்தகைய கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். மேடையில் பெரும்பாலும் பழகிய முகங்களையே காண்கிறேன். சுவையான அனுபவங்களோ தேநீர் இடைவேளையில்தான் வெளிவருகின்றன. அவற்றைக் கேட்பவர்கள் நாலைந்து பேர் மட்டுமே. இது எனக்குப் பெரும் இழப்பாகத் தோன்றுகிறது.

என்னுடன் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தியையே எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு எங்கள் கணினியின் பழைய இயங்குதளத்தைப் புதுப்பித்தோம். அதன்பின், தரவுத்தளத்தில் சில வாடிக்கையாளர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்கவில்லை. பெயர்கள் அழியவும் இல்லை. இரண்டு இரவுகள் கண்விழித்து அவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 என்னும் நிரல் தொகுப்பில், சொற்களை வரிசைப்படுத்தும் முறை மாறியிருந்தது. பெயர்களைத் தேட உதவும் அட்டவணையோ பழைய வரிசையிலேயே இருந்தது. அகரவரிசையை மாற்றிவிட்டு, பழைய அகராதியில் சொல்லைத் தேடினால் கிடைக்குமா? அதே கதைதான். அட்டவணையைப் புதிதாக உருவாக்கியதும் பெயர்கள் எல்லாம் கிடைத்தன.

"இதைப் பற்றி மாநாட்டில் பேசேன்," என்றேன்.

"ஐயோ அக்கா! இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? நான் என்ன பெரிய நிபுணரா?"

"எல்லாருக்கும் தெரிந்திருந்தால், நீ ஏன் இரண்டு இரவு தூங்கவில்லை?"

அவள் பதில் சொல்லவில்லை. மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்பதை நிபுணர்கள் விளக்குவார்கள். நள்ளிரவில் அது இயங்க மறுத்தால் என்ன செய்வது என்பதை, அதில் சிக்கித் தவித்தவரே நன்றாகச் சொல்வார். அவளுடைய அனுபவத்தை முன்கூட்டியே கேட்டால், எங்கோ ஒரு மருத்துவமனையில் நோயாளியின் பெயர் தேடலில் விடுபடாமல் இருக்கலாம்.

ஆங்கில உச்சரிப்பை நினைத்தும் அவள் தயங்கினாள். ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருவோர் தங்கள் உச்சரிப்பிலேயே பேசுவதை எடுத்துச் சொன்னேன். நீண்ட உரைக்கு அஞ்சுவோருக்கு, ஐந்து நிமிடத்தில் முடியும் மின்னல் உரைகளும் பல மாநாடுகளில் உண்டு. சுருக்கத்தில் அலங்காரச் சொற்கள் தேவையில்லை என்பது என் கருத்து. என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், கேட்பவர் எதை முயன்று பார்க்கலாம் என்று எழுதினால் போதும்.

மறுவாரம் அவள் ஆறே வரிகளில் எழுதிக்கொண்டு வந்தாள். "தேடியும் கிடைக்காத பெயர்கள்" என்று தலைப்பிட்டிருந்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பச் சொன்னேன்.