தாத்தா வீட்டு பேட்டரியும் ஒரு டிரையல் பேலன்ஸும்

பி.காம். படிக்கிறவனுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன பொங்கல் லீவுக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் அம்மாச்சி வீடு சிறுமலையில் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மிளகுக்கும் வாழைக்கும் நடுவே நல்ல தூரம் நடக்க வேண்டும். கரண்ட் கம்பம் அதுவரை வரவில்லை. கூரை மேல் நாலு பேனல், திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு இன்வெர்ட்டர், அதற்குக் கீழே 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு. இரண்டையும் சீரிஸில் இணைத்து 24 வோல்ட். இதில்தான் விளக்கு, ஃபேன், டி.வி. எல்லாம். ஒரு குட்டி ஃபிரிட்ஜும் உண்டு. அது ஐஸ்க்ரீமுக்கு அல்ல :-) அம்மாச்சியின் இன்சுலினுக்கு.

நான் போனபோது இன்சுலின் ஃபிரிட்ஜில் இல்லை. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இருந்தது. "ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்திட்டு நின்னுடுதுப்பா" என்றார் தாத்தா. மழைக்காலம் முடிந்து வெயில் நன்றாக அடிக்கிறது, அப்படியும் நிற்கிறது. கீழேயிருந்து வந்த மெக்கானிக் மொத்த வோல்ட்டைப் பார்த்துவிட்டு, ரெண்டையும் மாத்தணும், 32,000 ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாத்தாவும் இந்த வருஷ மிளகுக் காசை அதற்கென்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பேட்டரிக்கு வயது மூன்றுதான். திண்டுக்கல்லில் ஒரு மல்டிமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் வாங்கி வந்தேன் (பாக்கெட் மணி காலி). மறுநாள் வெயில் வருவதற்கு முன்னால் எல்லா லோடையும் கழற்றி, இரண்டு மணி நேரம் சும்மா விட்டு அளந்தேன். மொத்தம் 24.5 வோல்ட். அது மட்டுமே பார்த்தால் பெரிய வியாதி ஒன்றும் தெரியாது. பிறகு தனித்தனியாக அளந்தேன். ஒன்று 12.6. இன்னொன்று 11.9.

அக்கவுண்டன்ஸி படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டியிருக்கும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக இருக்கும், ஆனாலும் உள்ளே தப்பு இருக்கும். ஒரு இடத்தில் கூடினது இன்னொரு இடத்தில் குறைந்து ஒன்றையொன்று மறைத்துவிடும். ஈடுசெய் பிழை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் சார்ஜ் கண்ட்ரோலர் 28.8 வோல்ட் காட்டியது. புத்தகத்தில் போட்டபடி கச்சிதம். பிரித்து அளந்தால் 15.2, 13.6. கண்ட்ரோலருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும், யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. ஒன்றுக்கு அஜீரணம், ஒன்றுக்குப் பட்டினி. ராத்திரி இன்வெர்ட்டர் கத்தும்போது எழுந்து ஓடிப்போய் அளந்தேன். 12.1, 8.9. கூட்டினால் 21. இன்வெர்ட்டர் நிற்கிற அளவு அதுதான். நல்ல பேட்டரியில் சரக்கு இருக்கும்போதே கடை மூடிவிடுகிறது.

தாத்தா இன்னொன்றும் சொன்னார். "இடது பக்கத்து பேட்டரிதான் சனியன், மாசா மாசம் தண்ணி குடிக்குது. வலதுபக்கம் தங்கம், தண்ணியே கேக்காது." உண்மை நேர்மாறு. இடது பக்கத்தது தினமும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதித்ததால் தண்ணீர் போயிற்று. தங்கம் முழுசாக சார்ஜே ஆகவில்லை, அப்புறம் எப்படித் தண்ணீர் கேட்கும்?

ஹைட்ரோமீட்டரை வைத்து ஆறு செல்லையும் பார்த்தேன். இடது 1.250. வலதில் ஆறும் 1.140, 1.150 என்றே இருந்தன. ஒரே ஒரு செல் மட்டும் விழுந்திருந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆறும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பட்டினிதான், பிழைக்க வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது, சீரிஸில் ஒரே கரண்ட்தான் ஓடுகிறது... இது மட்டும் ஏன் பட்டினி?

டார்ச் அடித்து ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். வலது பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு மெல்லிய சிவப்பு கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாகக் கொல்லைக்குப் போகிறது. அதன் முனையில் ஒரு 9 வாட் எல்.இ.டி.

அதைப் போட்டது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தி, அம்மாச்சி ராத்திரி பாத்ரூம் போகும்போது ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார். விளக்கு 12 வோல்ட், பேட்டரியும் 12 வோல்ட், கொடுத்தால் எரியப்போகிறது என்று நேராகக் கொடுத்துவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி ஊருக்குப் போய்விட்டேன். ராத்திரி முழுக்க எரிந்தால் சுமார் 9 ஏ.எச். அந்த ஒன்றிலிருந்து மட்டும் போகும். பகலில் வருகிற சார்ஜ் இருவருக்கும் சமம். தினமும் கொஞ்சம் பாக்கி நின்று, இரண்டு வருஷத்தில் பிளேட்டில் சல்ஃபேட் ஏறிவிட்டது.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று அரை நாள் சுற்றினேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த மெக்கானிக்கப் போயி திட்டிக்கிட்டு இருந்தேனேடா" என்றார், அவ்வளவுதான்.

ஒயரைப் பிடுங்கினேன். வலது பேட்டரியைக் கழற்றித் தெரிந்தவர் ஜீப்பில் கீழே கொண்டுபோய், ஒர்க்ஷாப்பில் தனியாக 12 வோல்ட் சார்ஜரில் மெதுவாக இரண்டு நாள் ஏற்றினோம். 1.220 வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் புதுசாக வாங்கிப் போடலாமா என்று கேட்டேன். பழசோடு புதுசைச் சேர்த்தால் மறுபடி இதே கதைதான் என்று ஒர்க்ஷாப் அண்ணன் தடுத்துவிட்டார்.

இப்போது இன்வெர்ட்டர் விடியற்காலை நாலரை வரை ஓடுகிறது. முழு இரவு இல்லை. டி.வி.யை ஒன்பது மணிக்கு அணைத்தால் ஃபிரிட்ஜ் தாங்குகிறது, தாத்தாவும் அணைத்துவிடுகிறார். மிளகுக் காசு இந்த வருஷம் தப்பித்தது.

கொல்லை விளக்கு? அம்மாச்சி ஒரே பிடிவாதம், அது வேண்டும் என்று. 24 வோல்ட்டை 12 ஆக்குகிற சின்ன கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துக் கொடுத்தேன். ஆள் நடந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு சென்சாரும் போட்டேன். முதல் நாள் ராத்திரி நாய் குறுக்கே போகப் போக விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு முறையும் "ஒரு பைசா போச்சு, ரெண்டு பைசா போச்சு" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.