புறநகர்க் குடும்பத்தின் பன்னிரண்டு மாதக் கணக்கு

வணிகவியல் புத்தகத்தில் ஆண்டு என்பது ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிந்துவிடும். ஆனால் மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையின் இரு பக்கமும் இருக்கும் காலனிகளில் ஏதாவது ஒரு வீட்டு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் ஆண்டு வேறு! வடாம் மாதம், ஸ்கூல் ஃபீஸ் மாதம், ஆடித் தள்ளுபடி மாதம், கொலு மாதம், தீபாவளி மாதம், மழை மாதம், கோல மாதம் என்று அது தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பகுதிகள் எல்லாம் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வயல்கள் மனைகளாயின, மனைகள் தனி வீடுகளாயின, தனி வீடுகள் இப்போது அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. முகவரி நகரம், ஆனால் பழக்கவழக்கம் இன்னும் பாதி கிராமம். இதுதான் புறநகரின் சிறப்பு, சிக்கலும் கூட.

மொட்டை மாடியும் ஒரு பூட்டும்

மாசி, பங்குனியில் மாவடு வந்ததும் ஆரம்பித்துவிடும். கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பு போட்டு ஜாடியில் குலுக்கி வைப்பார்கள். அடுத்து மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் வடாம் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம்.

வடாம் போடுவது ஒருவரால் ஆகிற வேலை அல்ல. விடிவதற்கு முன்பே கூழ் கிளறியாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியை விரித்து, நாழியில் பிழிந்து முடிக்க வேண்டும். கூழின் சூட்டில் கை சிவந்துவிடும். பிறகு காக்காய்க் காவல்! கறுப்புக் குடையை விரித்து வைத்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு பையனைக் குச்சியோடு உட்கார வைத்தால்தான் நிம்மதி. (அந்தப் பையன் தின்கிற பச்சைக் கூழ் வடாம், காக்காய் கொத்துவதை விட அதிகம் என்பது தனிக் கதை.) மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுபடி காய வைக்க வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன்பு வரை தெருவுக்கு நான்கு வீட்டில் இது நடந்தது. ஒரு வீட்டில் நாழி இருக்கும், இன்னொரு வீட்டில் பெரிய உருளி இருக்கும். "அக்கா, நாளைக்கு எங்க வீட்டுல பிழியறோம், நாழியை அனுப்புறீங்களா?" என்று ஒரு குரல் போனால், நாழியோடு அந்த அக்காவும் வந்து நிற்பார்.

அடுக்குமாடி வந்த பிறகு மொட்டை மாடிக்குப் பூட்டு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சோலார் தகடு இருக்கிறது, பிள்ளைகள் போனால் ஆபத்து என்று பல காரணங்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் சாவி செயலாளர் வீட்டில் இருக்கும், செயலாளர் அலுவலகத்தில் இருப்பார். "சார் வந்ததும் கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி" என்று பதில் வரும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூழோடு நிற்பவருக்கு அந்தப் பதில் என்ன பயன் தரும்? இரண்டு வருடம் கேட்டுப் பார்ப்பார், மூன்றாவது வருடம் கடையில் அரைக் கிலோ வாங்கிவிடுவார்.

கோடையின் இன்னொரு பக்கம் தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு போனதைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புறநகரில் ஆழ்துளைக் கிணறுகள் காற்றைத்தான் இறைத்தன. டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தார்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாயை மாட்டியவர்கள் பலர். அந்தத் தொட்டியில் சேர்ந்த மண்ணை வருடா வருடம் அள்ளியவர்கள் சிலர்தான். கோடையில் செய்ய வேண்டிய குடும்ப வேலைகளில் வடாமுக்கு முன்னால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஆடியும் கொலுவும்

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது காலியாகும் பணப்பை, ஆடியில் மறுபடி திறக்கும். தள்ளுபடி என்ற பெயரில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு மின்சார ரயிலில் குடும்பமே கிளம்பும். வாங்கியது லாபமா நஷ்டமா என்று வீடு திரும்பும் வரை அப்பா கணக்குப் போடுவார், அம்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்! அதே மாதத்தில் தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு வசூல் புத்தகத்தோடு இளைஞர்கள் வீடு வீடாக வருவார்கள்.

புரட்டாசியில் நவராத்திரி. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, பரணிலிருந்து பொம்மைகளை இறக்குவார்கள். ஒவ்வொரு பொம்மையையும் சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாளைப் படிப்பதற்கென்றே ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். ஒன்பது நாளும் சுண்டல். எல்லா வீட்டிலும் கொலு வைப்பதில்லை. ஆனால் வைக்காத வீட்டுக்காரர்களையும் கூப்பிடுவார்கள் என்பதுதான் முக்கியம். புதிதாகக் குடி வந்த குடும்பம், வேறு மதத்துக் குடும்பம், வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் என எல்லோரும் முதன்முதலில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைவது பெரும்பாலும் இந்த ஒன்பது நாளில்தான். கிறிஸ்துமஸ் கேக்கும் ரம்ஜான் பிரியாணியும் எதிர்த் திசையில் வந்து சேரும்.

தீபாவளிச் சீட்டு

பொருளாதாரம் படிப்பவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மாதம் 500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,000 ரூபாய். தீபாவளிக்கு முன் ஒரு பட்டாசுப் பெட்டி, ஸ்வீட், ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு சிறு வெள்ளிக் காசு என்று கொடுப்பார்கள். பொருளைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். கடை விலையைக் கூட்டிப் பார்த்து, வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் கட்டிய தொகைக்கே இடிக்கும்.

அப்படியானால் ஏன் கட்டுகிறார்கள்? வங்கியில் தொடர் வைப்பு போடலாமே என்று சொல்வது சுலபம். வங்கிக்கு இவர்கள் போக வேண்டும், சீட்டுக்கார அக்காவோ வீட்டு வாசலுக்கே வருவார். கட்டத் தவறினால் "என்னம்மா, இந்த மாசம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் சேமிக்க வைக்கிறது. ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கும் சீட்டில், நடத்துபவர் ஒரு நாள் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. சீட்டு நிதிகளுக்கு 1982-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. பதிவு எண் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். தெரிந்தவர்தானே என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதில்தான் பல குடும்பங்களின் ஒரு வருடச் சேமிப்பு போகிறது.

பட்டாசுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று ஆனது. விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஆறு மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. (நான்கு மணிக்கே வெடித்துவிடும் பக்கத்துத் தெருவும் உண்டு!)

மழை வந்தபோது

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. முன்பெல்லாம் மழை என்றால் பள்ளி விடுமுறை, பஜ்ஜி, காயாத துணி. 2015-க்குப் பிறகு மழைக்கு இங்கே வேறு அர்த்தம். அந்த வருடம் நவம்பர் நடுவில் ஒரு முறையும் டிசம்பர் தொடக்கத்தில் மறுமுறையும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் திறந்ததால் வந்த வெள்ளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. இங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஏரிக்கு ஏரி தண்ணீர் போய்க்கொண்டிருந்த வழியில் வீடுகள் நின்றன. அவ்வளவுதான்.

ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் படகுகளோடு வந்தன. ஆனால் படகு வருவதற்கு முன் ஓர் இரவு இருந்ததே, அந்த இரவில் என்ன நடந்தது? மின்சாரம் இல்லை. கைபேசி வேலை செய்யவில்லை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் என்ற விவரம் எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. அது தெரிந்திருந்தது நாழி கடன் கொடுத்தவர்களுக்கும் சுண்டல் வாங்கப் போனவர்களுக்கும்தான். தரைத்தளத்து மாமாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவர்கள், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள். ஒருவரையொருவர் தெரியாத கட்டடங்களில் கதவைத் தட்டவே தயக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் இதே பகுதிகளில் தண்ணீர். இந்த முறை பலர் முந்தின நாளே வண்டியை மேடான இடத்தில் நிறுத்தினார்கள், பத்திரங்களைப் பரணில் ஏற்றினார்கள். இதுவும் இப்போது ஒரு பருவ காலக் குடும்ப வேலை ஆகிவிட்டது. கொலு பொம்மை இறங்கும் அதே பரணில் வீட்டுப் பத்திரம் ஏறுகிறது!

மார்கழி, தை

மழை விட்டதும் மார்கழி. தனி வீட்டில் ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு கோலம். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கேட் என்றால் யார் போடுவது? சில குடியிருப்புகளில் முறை வைத்துப் போடுகிறார்கள். சிலவற்றில் காவலாளியின் மனைவிக்குச் சம்பளம் கொடுத்துவிடுகிறார்கள். போகியன்று டயர் எரிக்கும் பழக்கம் இப்போது குறைந்திருக்கிறது. 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்காக நின்ற காலம் போய், 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. ஊர் என்று ஒன்று இல்லாதவர்கள், வாசலில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிடுகிறார்கள்.

ஐந்தொகையில் இல்லாதது

இப்போது கணக்குக்கு வருவோம். நான்கு பெண்கள் ஐந்து மணி நேரம் உழைத்தால் இருபது மணி நேர உழைப்பு. அதற்கு ஒரு கூலி போட்டால் வீட்டு வடாம் கடை வடாமை விட விலை அதிகம். கணக்கில் அந்த உழைப்புக்குப் பூஜ்யம் போட்டதால்தான் "வீட்டிலேயே பண்ணினா சீப்" என்று இத்தனை நாள் சொல்ல முடிந்தது. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகும் பெண்ணிடம் போய், "அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவது நியாயமே இல்லை. அவர் கடையில் வாங்கட்டும், அது அவர் உரிமை.

ஆனால் கணக்குப் பாடத்தில் நற்பெயர் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனாலும் சொத்து. ஒரு தெருவின் நற்பெயர் என்பது அதில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது. வடாமைக் கடையில் வாங்கலாம், சுண்டலை ஆர்டர் செய்யலாம், கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டலாம். அதோடு சேர்ந்து வந்த அறிமுகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதற்குத் தேய்மானம் மட்டும் வருடா வருடம் தவறாமல் நடக்கிறது.

தீர்வு பெரிய விஷயமெல்லாம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மொட்டை மாடிப் பூட்டைத் திறந்து வைக்கலாம். வடாம் பிழிய ஆண்களும் உட்காரலாம், கை ஒன்றும் தேய்ந்துவிடாது! கோலத்துக்கு முறை வைக்கும் பட்டியலில் பையன்கள் பெயரையும் எழுதலாம். மழைக்கு முன் சேகரிப்புத் தொட்டியை எல்லா வீடும் சேர்ந்து தூர் வாரலாம். அன்று ஒரு நோட்டில் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து என்று அவர்களிடமே கேட்டு எழுதி வைக்கலாம். அடுத்த டிசம்பரில் மழை எவ்வளவு பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.