எங்கள் வீட்டு வலைப்பூக்கள்



"டீச்சர், உங்க அக்கா எழுதுறாங்க, தம்பி எழுதுறார், அம்மாகூட எழுதியிருக்காங்க. இது உங்க ரத்தத்திலேயே இருக்கா?" என்று போன வாரம் ஒரு பழைய மாணவி உள்பெட்டியில் கேட்டிருந்தார். ரத்தத்தில் எல்லாம் ஒன்றும் இல்லையம்மா. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டதுதான். எப்படித் தொற்றியது என்று எழுதிப் பார்க்கலாம் எனத் தோன்றியது. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தலைஞாயிறு பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே கிளை அஞ்சலகத்தில் அப்பா போஸ்ட்மாஸ்டர். அக்கா கல்யாணமாகிக் கோவைக்குப் போனதும், எனக்குத் தஞ்சாவூர் பக்கம் வேலை கிடைத்ததும் அப்பா ஒரு வழக்கம் வைத்தார். ஊர்ச் சேதியெல்லாம் எழுதி அக்காவுக்கு ஒரு கவர் அனுப்புவார். அக்கா அதில் தன் பங்குக்கு ஒரு தாள் சேர்த்து எனக்கு அனுப்ப வேண்டும். நான் ஒரு தாள் சேர்த்து ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தம்பி 1993-இல் வளைகுடாவுக்குப் போன பிறகு கவர் அங்கேயும் போய் வந்தது. 1998-இல் அப்பா காலமானார். வீட்டுக்கு வீடு போனும் வந்துவிட்டது. "சாப்பிட்டியா, உடம்பு எப்படி" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துபோனது.

2007-இல் அக்கா மகனுக்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அவன் கல்லூரி விடுதிக்குப் போனதும் அது துணி போட்டு மூடிக் கிடந்தது. அக்கா கல்யாணத்துக்கு முன்பு தமிழ்த் தட்டச்சில் லோயர் முடித்தவள். லீவில் வந்த மகன் என்எச்எம் ரைட்டரை நிறுவிக் கொடுத்து, பழைய தட்டச்சு விசைப்பலகை முறையே அதில் இருப்பதைக் காட்டினான். அக்கா விரல் வைத்ததும் தமிழ் வந்தது. "முப்பது வருஷமா இந்த விரல் எதையும் மறக்கலைடி" என்று அன்று ராத்திரி போனில் சொன்னாள். அந்த வாரமே பிளாக்கரில் ஒரு வலைப்பூ திறந்துவிட்டாள். முதல் பதிவு, அப்பாவின் கவர் ஊர் ஊராகச் சுற்றிய கதை.

அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குத் தமிழ்மணம் ஞாபகம் இருக்கும். காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய திரட்டி. நாம் எழுதியது அதன் முகப்பில் வந்துவிட்டால் போதும், முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து படிப்பார்கள். அக்காவின் பதிவுக்கு முதல் நாளே ஒன்பது பின்னூட்டங்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர். "எங்க அப்பாவும் இப்படித்தான்" என்று எழுதியிருந்தார்கள். அக்கா ஒன்பதையும் எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாள்.

எனக்கு வந்தது பொறாமைதான், மறைக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் நானும் ஆரம்பித்தேன். அறிவியல் ஆசிரியை ஆயிற்றே, வகுப்பறைக் கதைகள்தான். எனக்குத் தட்டச்சு தெரியாது. அம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் "ammaa" என்று அடிக்கிற ஒலியியல் முறை. என் கணவர் கூட்டுறவு வங்கிக் கணக்கர், எதையும் முறைப்படி செய்கிறவர். "அரசு ஏற்றது தமிழ்99" என்று அதைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒரே கம்ப்யூட்டரில் அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்தால் வேறேதோ எழுத்து விழும். அதற்கே ஒரு சண்டை நடக்கும். அவர் எழுதியது மொத்தம் பதினோரு பதிவு. ஆனால் எங்கள் எல்லாருடைய பதிவிலும் ஒற்றுப்பிழை திருத்தியவர் அவர்தான்.

தம்பி 2008-இல் வந்து சேர்ந்தான். அவன் எழுதிய மூன்றாவது பதிவுதான் எங்கள் குடும்பத்தையே மாற்றியது.

முதல் வருஷம் வளைகுடாவில் தங்கிய அறையைப் பற்றி எழுதியிருந்தான். "ஏசி ரூம், ஒரு கவலையும் இல்லை" என்று அப்போது அப்பாவுக்கு எழுதினானே, அது பொய் இல்லை. அந்த ஏசி ரூமில் எட்டுப் பேர் என்பதை மட்டும் எழுதவில்லை. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்களாம். இவன் நடைவழி விளக்கின் கீழே தரையில் உட்கார்ந்து எங்களுக்குக் கடிதம் எழுதுவானாம். பதினைந்து வருஷமாக எங்கள் யாரிடமும் சொல்லாததை ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுவில் எழுதிவிட்டான். முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிவிட முடிகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா அப்போது என்னோடு இருந்தார். திரையில் படிக்கக் கண் ஒத்துழைக்காது, நான்தான் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அவனுக்குக் கீழ ஒண்ணு எழுது. எனக்கு அப்பவே தெரியும்டா தம்பி. கடுதாசியில சாப்பாட்டைப் பத்தி ஒரு வரிகூட இருக்காதே" என்றார்.

அதை அப்படியே பின்னூட்டமாகப் போட்டேன். அன்றிரவு தம்பி போன் செய்தான். அம்மாவும் அவனும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். சாப்பிட்டியா என்று கேட்டு முடித்துக்கொள்கிற பேச்சாக அது இல்லை.

2009 பொங்கல் முடிந்து அம்மாவே சொன்னார்: "நான் சொல்றேன், நீ எழுது." அப்போது அவருக்கு வயது 69. படிப்பு ஐந்தாம் வகுப்பு. தம்பி அம்மா பேரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பேச, நான் தட்டுவேன். நெல் அவித்துக் காயவைக்கிற பக்குவம், உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்கள், ஆற்றில் தண்ணீர் வருகிற நாளில் ஊரே கரையில் நிற்பது. "எழுத்து நடைக்கு மாத்தட்டுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "மாத்தினா அது நீ எழுதினதா ஆயிடும்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2010-இல் அக்கா எங்கள் தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினையைப் பற்றி எழுதினாள். பேர் போடவில்லை. ஆனாலும் உறவில் யாரைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா வீட்டார் ஆறு மாதம் பேசவில்லை, ஒரு கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையும் வரவில்லை. அம்மாதான் நேரில் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். வந்ததும் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். "யாரைப் பத்தி எழுதுறீங்களோ, அவங்களுக்கு முதல்ல படிச்சுக் காட்டுங்க. அவங்க வேணாம்னா வேணாம்." அன்றிலிருந்து அதை யாரும் மீறியதில்லை.

அம்மாவின் பதிவுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலைப் பற்றியது. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. வடக்கிலிருந்து அடித்த காற்று நடுராத்திரியில் சட்டென்று நின்றதாம். முடிந்தது என்று ஆட்கள் விளக்கோடு வெளியே வந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அதைவிடப் பலமாக அடித்ததாம். நான் வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் புயலின் கண் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவேன். கண் நம்மைக் கடக்கும்போது காற்று அடங்கும், கடந்த பிறகு எதிர்த்திசையில் வீசும் என்பது பாடம். அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணாக நின்று பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பழைய பதிவை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். ஊரில் சித்தப்பா மகன் குடும்பம் அதைப் படித்திருக்கிறது. 16-ஆம் தேதி விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் புயல் கரை கடந்தது. காற்று நின்றபோது மாட்டைப் பார்க்கக் கிளம்பியவனை அவன் மனைவி தடுத்துவிட்டாள். "பெரியம்மா எழுதினதைப் படிச்சீங்கல்ல?" பிறகு காற்று திரும்பி அடித்ததில் கொட்டகைக்குப் போகிற வழியில் நின்ற தென்னை விழுந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்களோடு பேசாமல் இருந்த வீடு அது.

அதற்குள் வலைப்பூக் காலம் மங்கிவிட்டது. எல்லாரும் முகநூலுக்கு வந்துவிட்டோம், இதோ நானும்தான். அம்மா 2021-இல் காலமானார். அவர் கணக்கைத் திறக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை அதிலுள்ளவற்றோடு நீக்கப்போவதாக 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. செய்தி படித்த அன்றே தம்பி கூப்பிட்டான். கடவுச்சொல் எங்கள் பழைய பசுவின் பேர். உள்ளே போனோம். நாற்பத்திரண்டு பதிவுகளும் பத்திரமாக இருந்தன.

வெளியிடாத வரைவு ஒன்றும் இருந்தது. 2012-இல் நானே தட்டியது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாளைப் பற்றி அம்மா சொன்னது. நிறுத்தச் சொன்னவர் அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா. "இதை அண்ணனுக்குப் படிச்சுக் காட்டணுமே. இந்த வயசுல அதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? இருக்கட்டும்" என்று அப்போதே வைக்கச் சொல்லிவிட்டார். தான் போட்ட சட்டத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டார்.

மாமாவும் இப்போது இல்லை. வெளியிடலாம் என்றாள் அக்கா. வேண்டாம் என்றான் தம்பி. நான் மாமா மகளிடம் போனேன். அவளும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான். முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "என்னை எம்.ஏ. வரைக்கும் படிக்க வெச்சவர் எங்கப்பா. அத்தைக்குச் செஞ்சதை நெனச்சுத்தான் செஞ்சாரோ என்னவோ. போடுங்க அண்ணி" என்றாள். போன வருஷம் அம்மாவின் நினைவு நாளன்று வெளியிட்டோம். அது நாற்பத்து மூன்றாவது பதிவு. அதன் கீழே முதல் பின்னூட்டம் அவளுடையது.

கடைசியாக, டீச்சர் புத்தி, கொஞ்சம் வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் வலைப்பூ எழுதியிருந்தால் இந்த வாரமே அந்தக் கணக்கில் ஒருமுறை நுழையுங்கள். பிளாக்கர் அமைப்புகளுக்குப் போய் மொத்தப் பதிவுகளையும் ஒரு கோப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். வரைவுகளைப் பார்க்க மறக்காதீர்கள். முக்கியமானதை அச்செடுங்கள். நாங்கள் அம்மாவின் பதிவுகளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வீட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறோம். உங்கள் கணக்கு செயலற்றுப்போனால் அது யாரிடம் போக வேண்டும் என்று கூகுளிலேயே இப்போதே குறித்து வைக்கவும் வழி இருக்கிறது.

இப்போது எங்கள் பேத்தி, அக்காவின் மகன் வயிற்றுப் பெண், ஏழாம் வகுப்பு. அந்த ஸ்பைரல் புத்தகத்தைப் படித்துவிட்டு, "சின்னப் பாட்டி, நானும் ஒண்ணு ஆரம்பிக்கணும்" என்கிறாள். தமிழ்99-தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டில் முதலில் எழுதத் தொடங்கியது யார்? கீழே சொல்லுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.