முன்னாலா, பின்னாலா?

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு பொருள்களைத் தொடக் கூடாது என்றார். ஒன்று உப்பு. இன்னொன்று ஷவல். உப்பு என்பதை என் மனைவி ஊறுகாய் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, அன்றைக்கே ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிட்டாள். ஷவல்தான் பிரச்னை.

ஷவல் என்பது பனி அள்ளுவதற்கென்றே அகலமாகச் செய்த வாரி. பிளாஸ்டிக்கில், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால், பெரிய பனிக்கு மறுநாள் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் அதைத் தொட்டவர்கள்தான். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வருஷம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசாமி திடீரென்று கைகளால் பாரம் தூக்குகிறார். தூக்கும்போது மூச்சை வேறு அடக்கிக்கொள்கிறார். துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. வேறென்ன வேண்டும்?

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பஃபலோவுக்குத் தெற்கே. நியூயார்க் என்றதும் நீங்கள் நினைக்கிற கட்டடக் காடு இல்லை. அது இங்கிருந்து ஆறேழு மணி நேரக் கார் பயணம். இங்கே மாட்டுப் பண்ணை, சோளக் கொல்லை, பக்கத்தில் ஈரி ஏரி. எல்லா வம்பும் அந்த ஏரியால்தான். நவம்பர், டிசம்பரில் ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். அதன் மேல் நீளவாக்கில் வீசுகிற குளிர்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரை ஏறியதும் எங்கள் தலையில் பனியாகக் கொட்டிவிடும். பத்து மைல் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்!

2022 நவம்பரில் பக்கத்து ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறு அடிக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் சமயத்தில், இன்னொரு புயல். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியுமே நடுவழியில் சிக்கிக்கொண்டன. பஃபலோவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். போன் செய்துவிட்டு, வர முடியாத வண்டிக்காகக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. என் ஸ்டென்ட் அதற்கு அடுத்த வருஷம்.

எங்கள் வீட்டிலிருந்து ரோடு 300 அடி. சரளைக்கல் பாதை. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 300 அடி நீளம், 10 அடி அகலம், ஓர் அடி பனி என்றால் 3,000 கன அடி. பஞ்சு மாதிரி புதுப் பனியாக இருந்தாலே எட்டு டன் தேறும். ஈரப் பனி என்றால் அதுபோல மூன்று மடங்கு. இதைத்தான் இத்தனை வருஷமாக பிளாஸ்டிக் வாரியால் அள்ளி வந்திருக்கிறேன். ஸ்டென்ட் ஒன்றோடு போனதே என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்ட வேலைக்கென்று வாங்கிய சின்ன டிராக்டர் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. 25 குதிரை சக்தி. ஊரிலிருந்து வந்த தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ''அண்ணே, இதோட அம்மா எங்க?'' என்றான். குட்டிதான். ஆனாலும் டிராக்டர். அதில் எதையாவது மாட்டினால் பனியை ஒழித்துவிடலாம். எதை மாட்டுவது?

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். வயது 78. நாற்பது வருஷம் பால் பண்ணை நடத்தியவர். தலையை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டார், உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். கர்வி என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

''உன் பனி எங்கே போகப்போகிறது? முதலில் அதைச் சொல்'' என்றார்.

எனக்குப் புரியவில்லை. பனியை அகற்றுவது என்று ஒன்று கிடையாது, இடம் மாற்றுவதுதான் உண்டு என்று விளக்கினார். எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளலாம் என்றால், ரோட்டுக்குக் குறுக்கே பனியைத் தள்ளுவது இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஆக, உன் இடத்துக்குள்ளேயே ஏப்ரல் வரை அதை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். டிராக்டரின் முன்னால் இருக்கிற லோடர் வாளி ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது, செலவில்லை. வேண்டிய இடத்தில் குவிக்கலாம். ஆனால், 300 அடிப் பாதையை வாளி வாளியாக அள்ளி முடிப்பதற்குள் அடுத்த பனி வந்துவிடும். சரளைக் கல்லையும் சேர்த்து அள்ளிவிடும்.

பின்னால் மாட்டும் பிளேடு இருப்பதிலேயே மலிவு. அதற்கான மூன்று கைகள் எல்லா டிராக்டரிலும் உண்டு. ஹாரி ஃபெர்குசன் என்கிற ஐரிஷ்காரர் கண்டுபிடித்து, 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் வந்து பிரபலமான அமைப்பு. தஞ்சாவூர் பக்கம் மாஸே ஃபெர்குசன் என்று சிவப்பாக ஓடுகிறதே, அந்தப் பெயரில் பாதி இவருடையது. என் மாமனாரிடம் ஒன்று இருந்தது. கலப்பை மாட்டுகிற அதே மூன்று கைகளில்தான் இங்கே பிளேடும் மாட்டுகிறார்கள்.

முன்னால் மாட்டும் பிளேடு இன்னும் வேகம். சாய்த்து வைத்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போகும். ஆனால், எந்த பிளேடாக இருந்தாலும் ஒரு சாபம் உண்டு. ஒதுக்கிய பனி ஓரத்தில் கல்லாக இறுகிவிடும். அடுத்த முறை அதற்கு உள்ளேதான் ஒதுக்க முடியும். டிசம்பரில் பத்தடியாக இருந்த பாதை பிப்ரவரியில் ஆறடி. அதனால், முதல் பனியையே தேவைக்கு மேல் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். ''முதல் பனியில் சோம்பேறித்தனம் பண்ணினவன் கடைசிப் பனியில் அழுவான்'' என்றார் பெரியவர். எங்கள் மாதிரி நான்கடி, ஐந்தடி விழுகிற ஊரில் தள்ளினால் போதாது, தூக்கி எறிய வேண்டும்.

எறிவதற்குத்தான் ஸ்நோ ப்ளோயர். 1920-களில் கியூபெக்கில் ஆர்தர் சிகார் என்பவர், கதிரடிக்கும் இயந்திரம் வைக்கோலைத் தூக்கி எறிவதைப் பார்த்து யோசித்துச் செய்தது என்பார்கள். முன்னால் திருகு மாதிரி சுழல்கிற ஒன்று பனியை நடுவுக்கு இழுத்துத் தரும். பின்னால் இருக்கிற விசிறி அதை வாங்கிப் புகைபோக்கி வழியாக இருபது, முப்பது அடிக்கு வீசும். ஓரத்தில் சுவர் எழும்பாது. எழும்பினாலும் அதற்கு மேலே வீசலாம்.

இதிலும் இரண்டு ஜாதி. பின்னால் மாட்டுவது விலை குறைவு, நேராக பி.டி.ஓ.விலிருந்து சக்தி எடுக்கும், ரிப்பேர் சுலபம். ஆனால், ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். முன்னால் மாட்டுவது விலை அதிகம். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓட வேண்டும், லோடரைக் கழற்றி வைக்க வேண்டும். 25 குதிரை டிராக்டரில் இதற்கென்று வந்து சேர்வது 18-ஐ ஒட்டித்தான் என்பதால், ஆசைப்பட்டு அகலமாக வாங்கக் கூடாது. பின்சக்கரங்களின் தடத்தை மூடினால் போதும்.

இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். விலை, அகலம், எடை, சக்தி, வீசும் தூரம். மதிப்பெண்கூடக் கொடுத்தேன். பின்னால் மாட்டும் ப்ளோயர் அமோக வெற்றி. விலையில் ஏறக்குறைய பாதி. ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாக நீட்டினேன்.

அவள் அதைப் படிக்கவில்லை. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

''ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வைங்க. வெளியில மூணு அடி பனி. டிராக்டரை யாரு ஓட்டப்போறது?''

நான் பதில் சொல்லவில்லை.

''மெயின் ரோடு வரைக்கும் டவுன்காரன் தள்ளிக்கிட்டு வந்துடுவான். இந்த முந்நூறு அடியை யாரு தள்ளுறது? நீங்களா எந்திரிச்சுப் போய் வழி பண்ணிட்டு வந்து படுத்துக்குவீங்களா?''

என் அட்டவணையில் எல்லாம் இருந்தது. ஓட்டப்போவது யார் என்கிற கட்டம் இல்லை.

அவளுக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். கார் ரிவர்ஸ் எடுக்கவே கேமரா வேண்டும். ஒரு மணி நேரம் பின்னால் திரும்பியபடி, எறிகிற பனித்தூள் முகத்தில் அடிக்க, குட்டி டிராக்டரை ஓட்டுவது நடக்கிற காரியமா? மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். ''முப்பது குளிர்காலம் ரிவர்ஸில் ஓட்டியதற்குக் கிடைத்த பென்ஷன் இது. விலை குறைவு என்று நானும்தான் வாங்கினேன்'' என்றார்.

முன்னால் மாட்டுவதையே வாங்கினோம். நவம்பரில் ஒரு தடவை நாங்கள் மாட்டித் தந்துவிட்டால் ஏப்ரல் வரை கழற்ற வேண்டியதில்லை. கியர் மாற்றுகிற தொல்லை கிடையாது. ஒரு பெடலை மிதித்தால் முன்னால், இன்னொன்றை மிதித்தால் பின்னால். பெரியவர் தன் பழைய பிளேடை இனாமாகக் கொடுத்தார். அதைப் பின்னால் மாட்டினோம். முன்பாரத்துக்கு எதிர்பாரமும் ஆயிற்று, கராஜ் வாசலை ஒட்டிய பனியைப் பின்னுக்கு இழுக்கவும் ஆயிற்று. சக்கரத்துக்குச் சங்கிலி. டயருக்குள் பாரத்துக்காக பீட்ரூட் சாறு. சிரிக்காதீர்கள், நிஜம்தான். தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும். சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பீட் சாறு இந்தக் குளிரிலும் உறையாது.

இனி, பயிற்சி. சின்ன வயசில் அப்பாவின் மாஸே ஃபெர்குசனில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். ''பொட்டப்புள்ளைக்கு டிராக்டர் எதுக்கு?'' என்று தம்பிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போவாராம். 56 வயதில் ஏறி உட்கார்ந்தாள். பெரியவர்தான் வாத்தியார். அடியில் இருக்கிற சறுக்குக் கட்டையை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார், சரளைக் கல்லை அள்ளி ஜன்னலில் எறியாமல் இருக்க. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால்தான் குத்த வேண்டும், கையை விடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். ஷியர் போல்ட் என்று ஒன்று. ஏதாவது சிக்கினால் மொத்த இயந்திரமும் உடையாமல் தான் மட்டும் உடைந்துபோவதற்கென்றே மெத்தென்று செய்யப்பட்ட போல்ட். ''ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க'' என்றாள் தமிழில். நல்லவேளை, பெரியவருக்குப் புரியவில்லை.

முதல் பனி டிசம்பரில் வந்தது. விடியற்காலை சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்தில் அவள் இல்லை. ஜன்னலுக்கு வந்தால் எங்கள் பாதை ரோடு வரைக்கும் சுத்தமாக இருந்தது. டிராக்டரைத்தான் காணவில்லை. பெரியவர் வீட்டுப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் பனி வளைந்து வளைந்து விழுந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்கு உள்ளே வந்தாள். தொப்பியெல்லாம் வெள்ளை. காபி போட்டு வைத்திருந்தேன். பனியில் புதைந்திருந்த அவர் வீட்டு செய்தித்தாளை இயந்திரம் விழுங்கிவிட்டதாம், போல்ட் உடைந்து, அவளே மாற்றினாளாம்.

''பெரியவர் என்ன சொன்னார்?''

''ஜன்னல்ல நின்னு கை காட்டினார். வெளியில வந்தா திட்டுவேன்னு சைகை காட்டிட்டு வந்துட்டேன்'' என்றவள், பரணிலிருந்து பழைய அஞ்சறைப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்போது அது கராஜில் இருக்கிறது. கடுகு இருந்த கிண்ணத்தில் ஷியர் போல்ட். வெந்தயம் இருந்த இடத்தில் நட்டு.