மறைக்கலாகாத குடும்பச் செய்தி

நம் குடும்பங்களில் ஒருவர் பெருங்குடல் புற்றுநோயால் மௌத்தானால், வெளியில் "வயிற்றுவலி" என்றே சொல்லப்படுவதுண்டு. பெண்பிள்ளைகளின் சம்பந்தம் தடைபடுமோ என்ற அச்சமே காரணம். ஆனால் சில குடும்பங்களில் அந்தச் செய்திதான் பிள்ளைகளைக் காக்க வல்லது. அது எவ்வாறு என்பதை இங்கே எழுத விழைகிறோம்.

பெருங்குடலின் உட்சுவர் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. மேலுள்ள செல்கள் சில நாள்களே வாழ்ந்து உதிர்கின்றன. அடியிலிருந்து புதியவை பிறந்து மேலேறுகின்றன. இத்தனை விரைவாகப் பிறப்பு நிகழும் இடத்தில் "போதும்" என்று நிறுத்தும் ஒன்று வேண்டுமல்லவா? கட்டி அடக்கும் மரபணுக்களின் பணி அதுவே. அவற்றுள் 5ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிசி முதன்மையானது. செல் பெருக்கத்தைத் தூண்டும் பீட்டா-கேட்டினின் என்னும் புரதம் மிகுந்துவிடாமல் அழிக்கப்படுவதற்கு அது துணைநிற்கிறது. ஏபிசி பழுதானால் தூண்டுதல் ஓய்வதில்லை. செல்கள் குவிந்து பாலிப் என்னும் சிறு முளை தோன்றுகிறது.

இம்மரபணு நமக்கு இரு படிகளாக உண்டு. வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று. ஒரே கதவுக்கு இரு தாழ்ப்பாள்கள் என்று கொள்ளலாம். ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்து, இரு பழுதுகள் நேர வேண்டும் என்ற இக்கருத்தை 1971இல் முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன்.

பாலிப் தோன்றியவுடன் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மரபணுக்கள் பழுதாகியே நோய் முற்றுகிறது என்று 1990இல் எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகிய இருவரும் விளக்கினர். ஏபிசிக்குப் பின் கேராஸ் மாறுகிறது (இது அடக்குவதன்று, தூண்டுவது), ஸ்மாட்4 இழக்கப்படலாம், பெரும்பாலும் பிற்கட்டத்தில் பி53 வீழ்கிறது. பழுதுற்ற செல்லை நிறுத்துவதும் மாய்ப்பதும் பி53இன் வேலை. அதுவும் போனபின் தடுப்பார் குறைவு. இப்பயணம் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவு நீள்கிறது. இடையில் கொலனோஸ்கோப்பி செய்து பாலிப்பை அகற்றினால், அந்தப் பாலிப் புற்றுநோயாக மாறும் வழி அடைபடுகிறது.

பெரும்பாலோருக்கு இப்பழுதுகள் வாழ்நாளில் நேர்பவை. பரம்பரையாக வந்தவை அல்ல. மிகச் சிலருக்கோ ஏபிசியின் ஒரு தாழ்ப்பாள் பிறவியிலேயே உடைந்திருக்கும். பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்கள் முளைக்கத் தொடங்கும். கவனியாது விட்டால் ஏறத்தாழ அனைவருக்கும் புற்றுநோய் வரும். பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி. இவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அப்பழுது வந்து சேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. மறைப்பதால் அவ்விகிதம் குறைவதில்லை. இரத்தப் பரிசோதனையில் பழுது தெரிந்த பிள்ளைக்கு 10 அல்லது 12 வயது முதலே குடலைச் சோதித்து வரலாம்; உரிய காலத்தில் அறுவை செய்து காக்கலாம்.

"எல்லாம் நஸீபு" என்று ஒதுங்குவோரிடம் ஒன்று சொல்வோம்: மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

ஆகவே உறவுகளிடம் கேளுங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஐம்பதுக்குள் ஒருவருக்கு வந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நாமே முடிவுகட்டிக் கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிக்கும் வழக்கமும் நம்மிடம் அதிகம்; அதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.